சொல்லாமல் வைத்த காட்சி

சென்னையில் வடபழனிக்கு மேற்கே சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம் என்று நீண்டு செல்லும் பகுதியில், காலை பத்து மணி சுமாருக்கு ஏதேனும் ஒரு டீக்கடை ஓரமாகச் சற்று நேரம் நின்று கவனிக்கிறவர்கள், ஒரு கையில் கிளாஸும் தோளில் பையுமாக இளைஞன் ஒருவன், எதிரே நிற்கும் நண்பனிடம், கண்களை அகல விரித்தும், குரலைத் திடீரென்று தாழ்த்தியும், நடுநடுவே வாயாலேயே வயலின் வாசித்தும், எதையோ வெகு ஆவேசமாக விவரித்துக்கொண்டிருப்பதைக் காணக்கூடும். விஷயம் அறியாதவர்கள் அவனுக்குச் சித்தப்பிரமையோ என்று சந்தேகிப்பார்கள். அறிந்தவர்களோ, “பாவம், மத்தியானம் எங்கேயோ கதை சொல்லப் போகிறான் போலிருக்கிறது” என்று பரிவோடு கடந்து போய்விடுவார்கள்.

‘கதை சொல்வது’ என்பதற்குக் கோடம்பாக்கத்தில் தனி அர்த்தம் உண்டு. முதற் படத்தை இயக்க விரும்பும் ஒருவர், தயாரிப்பாளர் முன்னால் உட்கார்ந்து, படம் திரையில் ஓடுவதுபோல் காட்சி காட்சியாக இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ வாயால் நடத்திக்காட்டும் சடங்குக்கே அந்தப் பெயர். ஹாலிவுட்டில், எழுதிய பிரதியைப் படித்து அபிப்பிராயம் எழுதித் தருவதற்கென்றே ஸ்டூடியோக்களில் சம்பளம் வாங்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். அங்கே நேரில் பேசுகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில நிமிஷங்களே. நம்முடைய வழக்கம் வேறு. கதாகாலட்சேபமும் வில்லுப்பாட்டும் விடிய விடியக் கேட்டுப் பழகிய சமூகத்தில், பணம் போடுகிறவர் கதையைப் படிப்பதைக் காட்டிலும் கேட்பதையே விரும்புவதில் ஆச்சரியம் இல்லை. அதோடு, ஒரு மனிதனை எதிரே உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசவிட்டால், அவன் சொல்லும் கதை எப்படிப்பட்டது என்பது தெரிகிறதோ இல்லையோ, நூறு பேர் கொண்ட ஒரு கூட்டத்தைப் பல வாரங்கள் கட்டி மேய்க்கக்கூடியவனா என்பது ஓரளவு தெரிந்துவிடும். அனுபவப்பட்ட தயாரிப்பாளர்கள் அந்த நேரத்தில் எடைபோடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் என்பது என் எண்ணம்.

ஒரு காலத்தில் இவ்வளவு அலைச்சல் இருக்கவில்லை. ஸ்டூடியோக்கள் கொடிகட்டிப் பறந்த நாட்களில் ‘கதை இலாகா’ என்று ஒன்றை வைத்து நடத்தினார்கள், ஏவி.எம். படங்களிலும் தேவர் பிலிம்ஸ் படங்களிலும் எழுத்துகள் ஓடும்போது ‘கதை இலாகா’ என்ற அந்தச் சொல்லையே பழைய ரசிகர்கள் பார்த்திருப்பார்கள். கதை ஸ்தாபனத்துக்குள்ளேயே பிறந்தது. இயக்குநரும் பெரும்பாலும் உள்ளிருந்தே வந்தார். அந்த ஏற்பாடு குலைந்து, கேமரா ஸ்டூடியோ மதிலைத் தாண்டி வயல்வெளிக்குப் போன பிறகு, கதையும் அதோடு தெருவுக்கு வந்தது. உதவி இயக்குநர் என்ற ஜாதி பெருகியது.

இப்போதைய கிரமம் இது. முதலில் ‘ஒன் லைன்’. அதாவது கதையின் முதுகெலும்பை நாலைந்து பக்கத்தில், எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி என்று வரிசையாக எழுதிக்கொள்வது. அப்புறம் நண்பர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ‘டிஸ்கஷன்’. வசதியுள்ளவர்களுக்கு இது மகாபலிபுரத்து அறையிலும், இல்லாதவர்களுக்கு மொட்டைமாடியிலும் நடக்கும். பிறகு வசனத்தோடு முழுமையாக எழுதி, ஸ்பைரல் போட்ட ‘பவுண்ட் ஸ்கிரிப்ட்’. இதைத் தயாரிப்பாளர் படிப்பார் என்று எண்ண வேண்டாம். கையில் தூக்கிப் பார்த்து, அதன் கனத்தைக் கண்டு, ‘பையன் வேலை செய்திருக்கிறான்’ என்று திருப்தியடைவார், அவ்வளவே. கதை பிடித்துவிட்டால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: “ஹீரோ யாரு?” ஹீரோவிடம் போனால் அவருடைய மேனேஜர் கேட்பார்: “புரொடியூசர் யாரு?” இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே, செக்குமாடு போல, நான்கு வருஷமும் ஐந்து வருஷமும் சுற்றியவர்களை எனக்குத் தெரியும். தயாரிப்பாளர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. விநியோகஸ்தரும், டெலிவிஷன்காரரும், இப்போது ஓடிடிக்காரரும் விலை பேசுவது நடிகரின் முகத்தை வைத்து. புதிய இயக்குநரின் பெயருக்குச் சந்தையில் விலை என்று ஒன்று இன்னும் எழுதப்படவில்லை.

அப்படிப்பட்ட நண்பர் ஒருவர், நான்கு படங்களில் உதவி இயக்குநராக இருந்தவர், சென்ற வருஷம் ஒரு நாள் தமக்குத் துணையாக வரும்படி என்னை அழைத்தார். கதை சொல்லப் போகிறவர்கள் இப்படி ஒருவரைக் கூட்டிப் போவது வழக்கம். சிரிக்க வேண்டிய இடத்தில் முதலில் சிரித்துவைப்பது அவருடைய உத்தியோகம். பதினொரு மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். வளசரவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. வாசலில் செருப்புக் குவியல். உள்ளே ஊதுபத்திப் புகைக்கு நடுவில், முந்தைய படத்தின் பூஜைப் புகைப்படம், மாலை வாடியபடி. எங்களை உள்ளே கூப்பிட்டபோது மணி இரண்டே முக்கால்.

தயாரிப்பாளர் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். நண்பர் தயங்கினார். “சொல்லு தம்பி, நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

கதை ஒரு மினி பஸ் கண்டக்டரைப் பற்றியது. வசூல் பணத்தோடு அவனுடைய தோல்பை தொலைந்துபோகிறது, வேலை போகிறது, ஊரே அவனைத் திருடன் என்கிறது, இடைவேளை விடும்போது அந்தப் பை அவன் வீட்டிலேயே, ஒரு காலத்தில் தானும் கண்டக்டராயிருந்து ஓய்வுபெற்ற அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைக்கிறது. நண்பர் முதல் பத்து நிமிஷம் தடுமாறினார். பிறகு விசிலை வாயால் ஊதி, “உள்ளே போ, உள்ளே போ” என்று கண்டக்டர் குரலில் அதட்ட ஆரம்பித்ததும் ஆளே மாறிப்போனார். ஆபீஸ் பையன் டீ கொண்டுவந்தான். தட்டை வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டியவன், போகாமல் கதவோரம் நின்றுவிட்டான். பஸ்ஸில் கோழிக்கு டிக்கெட் கேட்கும் காட்சி வந்தபோது எனக்கு முன்னால் அவன் சிரித்துவிட்டான். அப்போதுதான் தயாரிப்பாளர் கண்ணைத் திறந்தார். நண்பரைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தார். அன்றைக்கு அந்த அறையில் நிகழ்ந்த மெய்யான தீர்ப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

டிரங்குப் பெட்டி திறந்தபோது போன் அடித்தது. ஏதோ பைனான்ஸ் விவகாரம், பன்னிரண்டு நிமிஷம். இடைவேளைக்கு முந்தைய கணத்தில், கையை அந்தரத்தில் தூக்கியபடியே, அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் நண்பர் அமர்ந்திருந்த தர்மசங்கடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

முடிவில் தயாரிப்பாளர் சொன்னார்: “அப்பா கேரக்டர் நல்லா இருக்கு தம்பி. ஆனா ஹீரோவுக்கு என்ன இருக்கு? யாரை மனசுல வச்சிருக்க?”

திரும்பும் வழியில் நண்பர் ஒரு விஷயம் சொன்னார். படத்தில் அவர் உயிராக நினைக்கும் காட்சி ஒன்று உண்டாம்: ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, அப்பா தன் பழைய டிக்கெட் கட்டை எடுத்து, யாருமில்லாத அறையில், ஒவ்வொன்றாகக் கிழித்து வரிசையாகத் தரையில் வைக்கிறார், அதற்கு வசனம் கிடையாது. அதை மட்டும் அவர் சொல்லவே இல்லை. “சொன்னா, ‘கிழவன் டிக்கெட் கிழிக்கிறான், அப்புறம்?’னு கேட்பாங்க சார்” என்றார்.

எனக்கு உடனே மகேந்திரன் நினைவு வந்தது. ‘தங்கப்பதக்கம்’ போன்ற வசனப் படங்களுக்கு எழுதிப் பெயர் வாங்கிய அவர், வசனத்தை நம்பாத சினிமா ஒன்றை எடுக்க உள்ளூர ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவர். உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவலை அவர் கையிலெடுத்தபோது, தயாரிப்பாளர் வேணு செட்டியாரிடம் சொன்னதெல்லாம் இது ஓர் அண்ணன், தங்கை கதை என்பதையே என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ‘பாசமலர்’ ஓடிய தேசத்தில் அந்த ஒரு சொல் போதாதா? செட்டியார் சம்மதித்துவிட்டார். வில்லனாகவே அறியப்பட்டிருந்த ரஜினிகாந்த்தைக் கதாநாயகனாக்குவதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. மகேந்திரன் பிடிவாதமாக நின்றார். படம் வளர்ந்து, பேச்சே குறைவாய், பாலு மகேந்திராவின் ஒளியும் நடிகர்களின் மௌனமுமாக ஓடுவதைக் கண்டபோது அந்தத் தயாரிப்பாளருக்கு உண்டான திகைப்பை ஊகித்துக்கொள்ளலாம். 1978 ஆகஸ்டில் படம் வெளிவந்தது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். சொன்ன கதையில் பொய் இல்லை. அது அண்ணன், தங்கை கதைதான். ஆனால் எந்தக் காரணத்துக்காக அந்தப் படத்தை இன்றும் பார்க்கிறோமோ, அந்தக் காரணத்தை வாயால் சொல்லியிருந்தால் அந்தப் படம் தொடங்கியே இருக்காது.

கதை சொல்லும் சாமர்த்தியமும் படம் எடுக்கும் சாமர்த்தியமும் ஒரே ஆளிடம் குடியிருக்க வேண்டும் என்ற நியதி எதுவும் கிடையாது. கேட்டவர் கண்ணீர் வடிக்கும்படி சொல்லி, அட்வான்ஸ் வாங்கி, எடுத்த படத்தைப் பார்த்தவர் வேறுவிதமாகக் கண்ணீர் வடித்த சந்தர்ப்பங்கள் இந்த ஊரில் ஏராளம். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இந்த முறை அநியாயம் செய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காகிதத்தை மட்டும் நம்பினாலும் கதவு திறப்பதாகச் சொல்ல முடியாது. பாரதிராஜா தம் முதற் கதையை ‘மயில்’ என்ற பெயரில், அரசாங்கத் திரைப்பட நிதி உதவியோடு கறுப்பு வெள்ளையில் எடுக்க எண்ணியிருந்தார், அது கைகூடவில்லை. பிறகு எஸ்.ஏ. ராஜ்கண்ணு என்ற தயாரிப்பாளர் கிடைத்தார். கதை வர்ணத்தில் ‘16 வயதினிலே’ ஆயிற்று. நிர்வாக இயல் படித்துவிட்டு வந்த மணிரத்னத்தின் முதற் படமோ தமிழிலேயே இல்லை. 1983ல் கன்னடத்தில் ‘பல்லவி அனு பல்லவி’. தமிழுக்கு அவர் வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.

நாவன்மை இல்லாதவர்களுக்கு ஒரு புதுவழி பிற்பாடு திறந்தது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குனர்’ நிகழ்ச்சிக்காகக் குறும்படம் எடுத்த பிள்ளைகள், ‘இதோ பாருங்கள்’ என்று ஒரு லேப்டாப்பைத் திறந்து பத்து நிமிஷம் காட்டிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்ள முடிந்தது. பாலாஜி மோகன் ‘காதலில் சொதப்புவது எப்படி’ என்ற தம் குறும்படத்தையே 2012ல் அதே பெயரில் முழுநீளப் படமாக்கினார். அதே வருஷம் கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’வும், மறுவருஷம் நலன் குமாரசாமியின் ‘சூது கவ்வும்’ படமும் வந்தன, இரண்டுக்கும், பா. ரஞ்சித்தின் முதற்படமான ‘அட்டகத்தி’க்கும் பின்னால் இருந்த தயாரிப்பாளர் சி.வி. குமார். சிறிய செலவில் முடியக்கூடிய கதையை முதலில் கொடு, பெரிய கதையைப் பிறகு பார்க்கலாம் என்ற விவேகம் அந்தத் தலைமுறைக்கு வாய்த்திருந்தது. கார்த்திக் சுப்புராஜ் முதலில் எடுக்க விரும்பியது ‘ஜிகர்தண்டா’வைத்தான் என்பார்கள்.

ஊரெல்லாம் கதை சொல்லித் திரிந்தால் எவனாவது திருடிவிட மாட்டானா என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தப் பயம் ஒவ்வோர் உதவி இயக்குநரின் தலையணைக்கு அடியிலும் இருக்கிறது. தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் கதையைப் பதிவு செய்துகொள்ளலாம்; தகராறு வரும்போது, இன்ன தேதியில் இந்தக் கதை என்னிடம் இருந்தது என்பதற்கு அது சாட்சி. 2018ல் ‘சர்கார்’ பட விவகாரத்தில், ஏற்கெனவே சங்கத்தில் பதிவாகியிருந்த ‘செங்கோல்’ என்ற கதையைக் கொண்டுதான் பிரச்னை எழுந்து, கடைசியில் சமரசமாக முடிந்தது. ஆனால் சட்டத்தின் கை ஓரளவுக்குத்தான் நீளும். டெல்லியில் ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர், ஒரு பஞ்சாபிக் குடும்பத்தையும் ஒரு மதராஸிக் குடும்பத்தையும் வைத்து ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற நாடகம் எழுதி, அதை ஒரு சினிமாக்காரருக்கு நேரில் சொன்னார். பின்பு 1956ல், வைஜயந்திமாலா தமிழ்ப் பெண்ணாக நடித்த ‘நியூ டெல்லி’ வெளிவந்தபோது, இது என் கதை என்று வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978ல் அவருக்குப் பாதகமாகவே முடிந்தது: கருத்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கே உண்டு என்று தீர்ப்பு. வாயால் மட்டுமே சொல்லித் திரிகிறவர்கள் இந்த வழக்கை ஒரு தடவையாவது நினைத்துக்கொண்டு, எழுதிப் பதிந்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

அந்த வளசரவாக்கம் தயாரிப்பாளரிடமிருந்து தகவல் எதுவும் வரவில்லை. இரண்டு தடவை போன் செய்ததற்கு, “சார் ஷூட்டிங்ல இருக்காரு” என்றார்கள். அவருக்கு அப்போது ஷூட்டிங் எதுவும் நடக்கவில்லை என்பது நண்பருக்கும் தெரியும், போனை எடுத்த அந்த ஆபீஸ் பையனுக்கும் தெரியும். ஆறு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, நண்பர் என்னைக் கூப்பிட்டார். வியாழக்கிழமை தி.நகரில் ஒருவர் கதை கேட்கிறாராம். சிரிப்பதற்கு நான் வர வேண்டுமாம். இன்டர்வெல்லை மாற்றிவிட்டதாகவும், பை இப்போது டிரங்குப் பெட்டியில் இல்லை, கிணற்றில் இருக்கிறது என்றும் சொன்னார். “அப்பா டிக்கெட் கிழிக்கிற சீன்?” என்று கேட்டேன். “அது இருக்கு சார். அதை இப்பவும் சொல்லப் போறதில்லை” என்றார்.