தண்டுவட மரப்பு நோயில் ஏற்படும் களைப்பு: மருந்தில்லா மேலாண்மை முறைகள்

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய் மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றைத் தாக்கும் நோயாகும். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் என்னும் உறையை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே சிதைப்பதால் இது உண்டாகிறது. இந்நோயாளர்களுள் நால்வரில் மூவர் வரை களைப்பால் அவதியுறுகின்றனர். நடைத் தடுமாற்றமும் பார்வை மங்கலும் பிறர் கண்ணுக்குத் தெரியும், களைப்பு தெரியாது. அதனாலேயே பலர் வேலையையும் வீட்டாரின் நம்பிக்கையையும் இழக்க நேரிடுகிறது.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வாழும் நோயாளர்களையும் பராமரிப்போரையும் மனத்திற்கொண்டு இவ்விளக்கம் தரப்படுகிறது.

இது சோம்பல் அன்று

உழைத்தபின் வரும் அசதி ஓய்வெடுத்தால் நீங்கும். இந்நோயில் வரும் களைப்பு, இரவு முழுதும் உறங்கி எழுந்த பின்னும் இருக்கக்கூடும். உறை சிதைந்த நரம்பின் வழியே செய்தியைக் கடத்த மூளை கூடுதலாக உழைக்க வேண்டியுள்ளது. பிறர் எளிதாகச் செய்யும் பணிக்கு நீங்கள் அதிக ஆற்றலைச் செலவிடுகிறீர்கள். எனவே, “மனம் வைத்தால் முடியும்” என்று பிறர் கூறுவதைக் கேட்டு உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம்.

முதலில் பிற காரணங்களைக் கண்டறிதல்

எல்லாக் களைப்பும் இந்நோயால் மட்டுமே வருவதன்று. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சிறுநீர்த் தொற்று, மனச்சோர்வு, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மாத்திரைகளால் வரும் மயக்கம், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல் ஆகியவையும் களைப்பை மிகுவிக்கும். இவற்றுள் பெரும்பாலானவை எளிய பரிசோதனைகளால் கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்படக் கூடியவை. முதற்கட்டப் பரிசோதனைகளுக்கு அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். நரம்பியல் சிகிச்சைக்கு அரசு ஸ்டான்லி மருத்துவமனை இப்பகுதிக்கு அண்மையில் உள்ளது. மருத்துவர் பரிந்துரைத்த மருந்துகளைத் தாங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

மருந்தில்லா முறைகள் ஏன் முதன்மையானவை?

களைப்பைப் போக்கவென்று வழங்கப்பட்டு வந்த அமன்டடின், மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் ஆகிய 3 மருந்துகளையும் 141 நோயாளர்களிடம் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2021ஆம் ஆண்டு வெளியானது. மூன்றில் எதுவும் வெற்று மாத்திரையைவிடச் சிறந்த பயனைத் தரவில்லை. பக்கவிளைவுகளோ அதிகமாக இருந்தன. ஆகவே கீழ்க்காணும் முறைகளை, மருந்து கிடைக்காதபோது செய்யும் மாற்று ஏற்பாடாகக் கருத வேண்டாம். இவையே சிகிச்சையின் முக்கியப் பகுதியாகும்.

1. ஆற்றலைப் பங்கிட்டுச் செலவிடுதல்

மாதச் சம்பளத்தை முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்டால் மீதி நாட்களில் கடன்படத்தான் வேண்டும். உடலின் ஆற்றலும் அவ்வாறே. ஒரு வாரத்திற்கு ஒரு குறிப்பேட்டில் எந்த நேரத்தில், எந்த வேலைக்குப் பின் களைப்பு மிகுகிறது என்று எழுதி வாருங்கள். பின்னர் வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள்: நீங்களே செய்ய வேண்டியவை, பிறரிடம் ஒப்படைக்கக் கூடியவை, செய்யாமல் விட்டாலும் குறையில்லாதவை.

• காய் நறுக்குதல், சமைத்தல், துணி மடித்தல் போன்றவற்றை உட்கார்ந்து செய்யுங்கள். குளியலறையில் வழுக்காத முக்காலி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.
• தண்ணீர்க் குடம் சுமப்பதையும் எரிவாயு உருளை நகர்த்துவதையும் வீட்டில் உள்ள மற்றவர்கள் ஏற்க வேண்டும்.
• மாடிக் குடியிருப்பில் வசிப்போர், நியாயவிலைக் கடை, மருந்துக் கடை, வங்கி என ஒரே முறை இறங்கிச் செய்யத்தக்க பணிகளைச் சேர்த்துத் திட்டமிடுங்கள்.
• முற்றிலும் சோர்ந்த பின் படுப்பதைவிட, சோர்வதற்கு முன்பே 10 முதல் 15 நிமிடம் ஓய்வெடுப்பது பயன் தரும்.
• உடல் நன்றாக உள்ள நாளில் தேங்கிய வேலைகள் அனைத்தையும் முடிக்க முயலாதீர்கள். அடுத்த இரு நாட்கள் படுக்கையில் கழிவதற்கு இதுவே பொதுவான காரணம்.

2. வெப்பத்திலிருந்து காத்துக்கொள்ளுதல்

உடல் உழைப்புக்குப் பின் இந்நோயாளர்களின் பார்வை மங்குவதை 1890ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கண் மருத்துவர் உதாஃப் விவரித்தார்; உடல் வெப்பம் கூடுவதே இதற்குக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. உறை சிதைந்த நரம்பில், உடல் வெப்பம் சிறிது உயர்ந்தாலும் செய்தி கடத்தல் தடைபடும். இதனால் களைப்பு, கால் தளர்ச்சி, பார்வை மங்கல் ஆகியவை தோன்றும். உடல் குளிர்ந்தவுடன் மறையும். நோய் புதிதாக முற்றிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை.

கடலோரமான வடசென்னையில் வெயிலுடன் காற்றின் ஈரப்பதமும் சேர்வதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை, உடலும் குளிர்வதில்லை. ஆகவே கத்திரி வெயில் காலத்தில் கூடுதல் கவனம் தேவை.

• வெளி வேலைகளைக் காலை 9 மணிக்குள்ளோ, கடற்காற்று வீசும் மாலை நேரத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.
• வெளியே செல்லும் முன்பும் திரும்பிய பின்பும் குளிர்ந்த நீரில் குளியுங்கள். கழுத்திலும் கைகளிலும் ஈரத்துணியைச் சுற்றி மின்விசிறியின் கீழ் அமருங்கள்.
• உணர்ச்சி மரத்த தோலின்மீது பனிக்கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். புண் உண்டானாலும் தெரியாது.
• அடுப்படியில் காற்றோட்டம் தேவை. சமையலை அதிகாலையிலேயே முடிப்பது நல்லது.
• மருத்துவமனைக்குச் செல்ல, குளிரூட்டப்பட்டதும் மின்தூக்கி வசதியுள்ளதுமான மெட்ரோ ரயிலைப் பயன்படுத்தலாம். 2021 பிப்ரவரி முதல் விம்கோ நகர் வரை இச்சேவை உள்ளது.
• சிறுநீர் அடிக்கடி வருகிறதென்று பகலில் நீர் அருந்துவதைக் குறைக்க வேண்டாம். உறங்குவதற்கு 2 மணி நேரம் முன்பு குறைத்தால் போதும்.

3. உடற்பயிற்சி

உடற்பயிற்சி நோயை மிகுவிக்கும் என்று நெடுங்காலம் நோயாளர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. அது தவறென்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அசைவின்றி இருந்தால் தசைகள் மெலிந்து களைப்பு மேலும் கூடும். லேசானது முதல் நடுத்தரம் வரையான பாதிப்புடையோர், வாரத்திற்கு 2 நாள் தலா 30 நிமிடம் மிதமான நடை அல்லது மிதிவண்டிப் பயிற்சியும், 2 நாள் தசை வலுவூட்டும் பயிற்சியும் செய்வதைக் கனடா நாட்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. இது அடைய வேண்டிய இலக்கு, தொடக்கம் அன்று. முதல் வாரத்தில் 5 நிமிட நடையே போதுமானது. பயிற்சிக்குப் பின் வரும் அசதி மறுநாளும் நீடித்தால் அளவைக் குறையுங்கள். நடக்க இயலாதோர் நாற்காலியில் அமர்ந்தே செய்யத்தக்க பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்பிப்பார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிற்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கவும் ஏற்பாடு உள்ளது.

4. உறக்கமும் மனநலமும்

படுக்கும் நேரமும் எழும் நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும். பகல் உறக்கம் அரை மணி நேரத்திற்கு மேற்பட வேண்டாம். மாலைக்குப் பின் தேநீர், காபி தவிர்க்கவும். துறைமுகத்திலும் ஆலைகளிலும் சுழற்சி முறையில் பணியாற்றுவோர், இரவுப் பணியிலிருந்து விலக்குக் கோருவது குறித்து மருத்துவரிடம் பேசுங்கள்.

எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றியமைக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, இக்களைப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மன அழுத்தமோ நம்பிக்கையின்மையோ இருப்பின் 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் பேசலாம்.

5. பணியிடமும் உரிமையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இந்நோயைப் பட்டியலிடப்பட்ட 21 மாற்றுத்திறன்களுள் ஒன்றாக ஏற்கிறது. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியான ஒருவரை அரசு நிறுவனம் அக்காரணத்தால் பணிநீக்கம் செய்யவோ பதவியிறக்கவோ கூடாது என்று அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது. உட்கார்ந்து செய்யும் பணி, நிழலான இடம், நடுவே சிறு ஓய்வு ஆகியவற்றை எழுத்து மூலம் கேளுங்கள். இயந்திரம், உயரம், கொதிகலன் தொடர்பான பணியில் இருப்போர் களைப்பை மறைத்து வேலை செய்வது உயிருக்கு ஆபத்தானது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை ஆகியவற்றுக்குரிய தகுதிகளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அறியலாம்.

பராமரிப்போர் கவனத்திற்கு

காலையில் நடந்தவர் மாலையில் எழ இயலாமல் இருப்பது நடிப்பன்று; இந்நோயின் இயல்பு. “இன்று எவ்வளவு முடியும்?” என்று கேளுங்கள். எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடவும் வேண்டாம். அவர் விரும்பும் ஒரு வேலைக்கேனும் அவரது ஆற்றல் எஞ்சியிருக்குமாறு மற்ற சுமைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். உங்கள் ஓய்வும் முக்கியம்.

உடனே மருத்துவரை அணுக வேண்டியவை

• காய்ச்சலோ வெப்பமோ இல்லாதபோதும் புதிய தளர்ச்சி, மரத்துப்போதல், பார்வை இழப்பு 24 மணி நேரத்திற்கு மேல் நீடித்தல்
• காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் அல்லது சிறுநீர் அடைப்பு
• விழுங்குவதிலோ மூச்சு விடுவதிலோ சிரமம் (உடனே 108ஐ அழைக்கவும்)
• வாழ்வதில் விருப்பமின்மை

மேற்கண்ட அனைத்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. இந்த வாரம் குறிப்பேடு எழுதத் தொடங்குங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அதனைக் கையில் கொண்டு வாருங்கள். களைப்பைப் பற்றி மருத்துவர் கேட்கவில்லையெனில் நீங்களே சொல்லுங்கள்.