பழைய காரின் முழு விலை



மலேசியாவில் புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9ஆம் நாள் அறிமுகமானது. நம் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கார் அதுதான். புதிய கார் வாங்க வசதியில்லாதவர்கள், பிறர் ஓட்டிய சாகாவைத் தேடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால், விற்பவர் சொல்லும் விலை முழு விலையன்று. பிறகு பட்டறையில் கொடுக்கப் போவதையும் சேர்த்தால்தான் அது முழு விலையாகும்.

காரைக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். சூடேறிய எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். எஞ்சினை முடுக்கியதும் பின்னால் நின்று புகையைக் கவனிப்போம். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நெடுநேரம் நிற்காமல் வந்தால், ரேடியேட்டர் நீர் எஞ்சினுக்குள் புகுந்திருக்கலாம். எண்ணெய் மூடியின் அடியில் பால் காப்பி நிறத்தில் பசை படிந்திருந்தாலும் அதே ஐயந்தான்.

மீட்டர் குறைந்த தூரத்தைக் காட்டுகிறதா? பிரேக் மிதியின் ரப்பரைப் பாருங்கள். ரப்பர் தேய்ந்து, ஸ்டீயரிங்கும் வழவழப்பாகியிருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம்.

அடுத்தது வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலமில் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. அத்தகைய காரைக் கழுவிப் பளபளப்பாக்குவது எளிது. ஆனால், இருக்கைப் பட்டையை இறுதிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். தரைவிரிப்பின் அடியிலும் முகர்ந்து பாருங்கள். பின்பெட்டியில் மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் தகடு சுருங்கியிருந்தால், கார் பின்னால் மோதுண்டது என்று கொள்ளலாம்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கார் 9,000 வெள்ளி. மற்றொன்று 11,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் காருக்கு நான்கு டயர் 800, டைமிங் பெல்ட் வேலை 600, அதிர்வுதாங்கிகள் 900, ரேடியேட்டர் 400 தேவைப்பட்டால், அதன் முழு விலை 11,700 வெள்ளி. இவற்றையெல்லாம் மாற்றி, ரசீதும் வைத்திருக்கும் இரண்டாவது காரே மலிவு! டைமிங் பெல்ட்டைச் சிறு செலவென்று தள்ளிவிடக் கூடாது. ஓடும்போது அது அறுந்தால் எஞ்சினே பழுதாகலாம்.

பத்திரத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் காரிலுள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். வங்கிக் கடன் பாக்கி உண்டா என்றும் கேட்டறிய வேண்டும். பெயர் மாற்றத்துக்கான வாகனப் பரிசோதனையில் தேறிவிட்டது என்பதால் மட்டும் எஞ்சின் நெடுநாள் உழைக்கும் என்று பொருளாகாது. நமக்குத் தெரிந்த போமன் ஒருவரிடம் காட்டக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

டயரும் பெல்ட்டும் மாற்றக்கூடியவை. அவற்றுக்கு விலையைக் குறைத்துக் கேட்கலாம். வெள்ளத்தில் மூழ்கிய காரையும் சட்டகம் வளைந்த காரையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுவோம். அந்தக் காரில் போகப் போவது நம் பிள்ளைகள் அல்லவா?