கிளிப்பிள்ளையும் பசுவும்

பேகம் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். கல்லூரி வாசலை மிதித்தவனல்ல. ஆனாலும், ஹைதராபாத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து ஏறவில்லையே என்ற கவலை, இந்த வயதில் என்னை உளவியல் நூல்களைப் புரட்ட வைத்தது.

ஏழு வயதுப் பேரனுக்கு நானே உயிரெழுத்து சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். ஓர் எழுத்தைச் சரியாக எழுதினால் ஒரு சாக்லேட். பன்னிரண்டும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "மாமா, பல்லு கெட்டுடும்" என்றாள் மருமகள். நிறுத்தினேன். மறுநாள் பையன் சிலேட்டைத் தொடவில்லை. "சாக்லேட் இல்லாம எதுக்குத் தாத்தா எழுதணும்?" என்றான். வியாபாரி பேரனல்லவா!

இந்தக் கேள்வியைச் சென்ற நூற்றாண்டில் அலசியவர்கள் நடத்தைக் கோட்பாட்டினர். 1898-இல் அமெரிக்க அறிஞர் தார்ன்டைக் பசித்த பூனையைப் பெட்டிக்குள் அடைத்தார். தற்செயலாகத் தாழைத் தட்டி வெளியே வந்தால் அதற்கு மீன். திரும்பத் திரும்ப அடைக்க, வெளிவரும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. நல்ல பலன் தரும் செயல் நிலைக்கும் என்பது அவர் கண்ட விதி.

பின்வந்த ஸ்கின்னர், 1953-இல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். விடை சரியா தப்பா என்று தெரியாமலே பிள்ளைகள் அடுத்த கணக்குக்குப் போவதைக் கண்டு வருந்தி, கற்பிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அவர் சொன்னவை எளியவை: பாடத்தைச் சிறு படிகளாக்கு, சரியா என்பதை உடனே சொல், அவரவர் வேகத்தில் போகவிடு. தண்டனை தவறை அமுக்கிவைக்கும், சரியானதைக் கற்றுத்தராது.

பரிசும் தண்டனையும் நம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் கலெக்டர் காம்ப்பெல், கவர்னர் மன்றோ கேட்டபடி 1823-இல் ஓர் அறிக்கை அனுப்பினார். காலை ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவது பிள்ளைக்கு ஒரு சுழி, புகழுமில்லை, பழியுமில்லை. மூன்றாவதுக்கு ஓரடி, நாலாவதுக்கு இரண்டு, அப்படியே ஏறும். ஸ்கின்னர் பிறந்ததே 1904-இல்தான்!

பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும், மணலில் எழுதிப் பழகுவதையும் காம்ப்பெல் பாராட்டினார். ஆனால் ஒரு குறையும் சொன்னார். பிள்ளைகள் செய்யுள்களை மளமளவென்று ஒப்பிக்கிறார்கள். பொருள் தெரிவதில்லை, கிளியைப் போல என்றார்.

கிளி என்றதும் எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. எங்கள் சமண முனிவர் பவணந்தியார் மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது கிளியைக் கடையில் தள்ளவில்லை, இடையில் வைத்தார். சொன்னதைச் சொல்லவாவது வேண்டுமே! முதல் வரிசையில் அன்னத்தோடு பசுவை வைத்தார். பசு மேய்ந்ததை ஓரிடத்தில் இருந்து அசைபோடும்.

பரிசு கிளியை உண்டாக்கும், பசுவை உண்டாக்காது. 1973-இல் அமெரிக்காவில் லெப்பர் முதலானோர், படம் வரைவதில் ஆசையுள்ள சிறுவர்களிடம் பரிசு உண்டு என்று முன்கூட்டிச் சொல்லி வரையச் செய்தார்கள். பின்னர், பரிசில்லாத நேரத்தில் அவர்கள் முன்போல் வரையவில்லை. என் வீட்டில் நடந்ததும் அதுதான்.

நான் வழியை மாற்றினேன். தினம் நாலே எழுத்து, சரியா தப்பா என்று அப்போதே சொல்வது, திட்டுவதில்லை. இதுவரை ஸ்கின்னர். உயிர்மெய் ஓரளவு வந்ததும், என் தாயாரின் பித்தளைச் சொம்பில் வெட்டியிருந்த பெயரைப் படிக்கச் சொன்னேன். விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டினான். "யாரு தாத்தா இது?" என்றான். சொன்னேன். அன்று மாலை பரண்மேல் இருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கச் சொல்லிவிட்டான். சாக்லேட் கேட்கவில்லை.

எழுத்துப் பழக்கத்துக்கு நடத்தைக் கோட்பாடு நல்ல ஏணி. ஏறிய பிள்ளைக்கு மேலே பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். நம் ஒவ்வொரு வீட்டிலும் தமிழில் பெயர் வெட்டிய பாத்திரமோ, பழைய கடிதமோ நிச்சயம் இருக்கும். பிள்ளைகள் கையில் அதைக் கொடுங்கள். பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள்க.