மின்னஞ்சலின் காத்திருப்பு வரிசை

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக இலுக்கும்புரைக்குச் செல்லும் பாதை ரிவர்ஸ்டன் மலையைக் கடக்கின்றது. மழையில் மண் சரிந்து அப்பாதை அடைபட்டால், அப்பாலுள்ள கிராமத்தார்க்குரிய கடிதம் என்னாகும்? தபாற் கந்தோரிற் காத்திருந்து, பாதை திறந்தபின் செல்லும். மின்னஞ்சலும் இத்தகைய ஒழுங்கிற்கே உட்பட்டது என்பதனை ஈண்டு விளக்க விழைகின்றோம்.

'அனுப்பு' என்பதனை அழுத்தியதும் கடிதம் பெறுநரிடம் சென்றுவிட்டதெனப் பலர் கருதுவர். அஃது உண்மையன்று. கடிதம் முதலில் அடைவது அஞ்சற் சேவையகம் என்னும் கணினியையே. 1983ஆம் ஆண்டு பேர்க்லி யுனிக்ஸுடன் வெளிவந்த எரிக் ஒல்மனின் சென்ட்மெயில், 1998ஆம் ஆண்டு வெளிவந்த வெனமாவின் போஸ்ட்பிக்ஸ் ஆகியன அங்கு இயங்கும் மென்பொருள்களுட் சில.

போஸ்ட்பிக்ஸ் ஒரு தனி நிரலன்று. தொழில் பகுத்துக்கொண்ட பல சிறு நிரல்களின் கூட்டம். ஒன்று கடிதத்தை ஏற்கும். மற்றொன்று தலைப்பினைச் செப்பஞ்செய்து வட்டில் எழுதிவைக்கும். வரிசைக் காவலன் முறையறிந்து எடுத்துக் கொடுக்க, வேறொன்று சேருமிடம் கொண்டு செல்லும். கடிதத்தை வட்டிற் பதித்த பின்னரே, '250' என்னும் எண்ணால் அது பொறுப்பேற்றமையை அறிவிக்கும். ஆதலின் இடையில் மின்சாரம் நின்றாலும் கடிதம் அழிவதில்லை.

எதிர்க் கணினி 4 இல் தொடங்கும் எண்ணை விடையளித்தால், 'இப்போது இயலாது, பின்னர் வருக' என்பது பொருள். கடிதம் வரிசையிற் காத்திருக்கும். சில நிமிடங்களில் மறுமுயற்சி நிகழும்; பின் இடைவெளி படிப்படியாக நீண்டு ஏறத்தாழ ஒரு மணித்தியாலமாகும். வழக்கமான அமைப்பில் 5 நாட்கள் கழிந்தும் சேராவிடின், காரணத்துடன் அனுப்பியவருக்கே திரும்பும். 5 இல் தொடங்கும் எண் வந்தாலோ, 'அத்தகைய முகவரி இல்லை' என்பது போன்ற முடிந்த மறுப்பாம், காத்திருப்பில்லை.

இவ்வரிசையைக் காண்பதற்குப் படங்களும் பொத்தான்களும் வேண்டுவதில்லை. நிருவாகி 'மெயில்கியூ' என்னும் கட்டளையைத் தட்டெழுதினால் ஒவ்வொரு கடிதத்தின் அடையாளம், அளவு, வந்த நேரம், தாமதத்தின் காரணம் யாவும் வரிவரியாகத் தோன்றும். 'போஸ்ட்கியூ' தேங்கியவற்றை உடனே மீள முயலச் செய்யும். 'போஸ்ட்சூப்பர்' நிறுத்திவைக்கும் அல்லது நீக்கும்.

1990ஆம் ஆண்டில் நம் பல்கலைக்கழகங்களிடையே தொடங்கிய லேர்ண்மெயில் சேவையும் வரிசையாலேயே வாழ்ந்தது. கடிதங்கள் சேர்ந்திருந்து, தொலைபேசி இணைந்த வேளையில் ஒருங்கே பெயர்ந்தன.

மாணவர்காள், விண்ணப்பத்தை இறுதி நாளின் இறுதி மணியில் அனுப்பாதீர். அனுப்பியது வேறு, சேர்ந்தது வேறு. பழைய மாணவர்களே, நண்பர் மறுமொழி தாராவிடின் உடனே மனம் நோகாதீர்; கடிதம் எங்கேனும் வரிசையில் நிற்கலாம். ஆயின் முகவரி மாறியவரைத் தேடி எந்த நிரலும் செல்லாது. கடல்கடந்து வாழும் அன்பர் தம் புதிய முகவரியைச் சங்கச் செயலாளருக்கு அறிவிப்பாராயின், இவ்விழாவின் அழைப்பு திரும்பிவாராது அவர்தம் கையைச் சேரும்.