புதிய பயிற்றுவிப்பாளரும் பழைய கணக்கும்

பாடசாலை உதைபந்தாட்ட அணிக்கு ஐந்து போட்டிகள் தொடர்ந்து வெற்றியில்லை. பழைய மாணவர்கள் கூடிப் பேசுகிறார்கள். "கோச்சை மாத்தினாத்தான் சரிவரும்" என்று முடிவாகிறது. புதியவர் வருகிறார். ஓரிரு போட்டிகளுக்குள் அணி வென்றுவிடுகிறது. "பாத்தீங்களா, நாங்க சொன்னம்தானே!" மருதமுனை அல்-மனார், ஷம்ஸ் மைதானங்களுக்கும், கல்முனை ஸாஹிராவுக்கும், ஐரோப்பாவின் பெருங்கழகங்களுக்கும் பொதுவான நம்பிக்கை இது. ஆனால் அந்த வெற்றியில் புதியவரின் பங்கு எவ்வளவு?

விடை உதைபந்தாட்டத்தின் இயல்பில் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் கோல் அரிது. 2022 கட்டார் உலகக் கிண்ணத்தின் 64 போட்டிகளில் விழுந்தவை 172 கோல்கள். போட்டிக்கு மூன்றுகூட இல்லை. கூடைப்பந்தில் ஒரு புள்ளி தவறினால் அதை ஈடுசெய்ய இன்னும் ஐம்பது வாய்ப்புகள் வரும். உதைபந்தில் கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து, நடுவரின் ஒரு விசில், ஈரமான புல்லில் ஒரு சறுக்கல் போட்டியையே முடித்துவிடும். எண்ணிக்கை குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் கை ஓங்கும்.

இந்த அரிதான நிகழ்வுகளைக் கணக்கிட 1837இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவாசோன் ஒரு வாய்பாடு தந்தார். கோல்களின் எண்ணிக்கைக்கும் அது பெருமளவு பொருந்துகிறது. அதைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். சம பலமுள்ள இரண்டு அணிகள்; ஒவ்வொன்றும் சராசரியாகப் போட்டிக்கு 1.3 கோல் அடிக்கும். அப்படியானால் ஓர் அணி வெல்லும் வாய்ப்பு சுமார் 37 வீதம். சமநிலை 26 வீதம். தோல்வி 37 வீதம். அதே அணி அடுத்தடுத்து ஐந்து போட்டிகளில் ஒன்றிலும் வெல்லாமல் போகும் வாய்ப்பு 10 வீதம். அதாவது, ஒரே தரத்தில் பத்து அணிகள் மோதும் ஒரு லீக்கில், யாருடைய பிழையும் இல்லாமலே, ஏறத்தாழ ஓர் அணி ஐந்து போட்டிகளிலும் வெற்றியின்றி நிற்கும். வேலையை இழப்பவர் அந்த அணியின் பயிற்றுவிப்பாளர்.

இனி மறுபக்கம். அந்த அணியின் பலம் இம்மியும் மாறவில்லை என்று வையுங்கள். அடுத்த ஐந்து போட்டிகளில் ஒரு வெற்றியாவது கிடைக்கும் வாய்ப்பு 90 வீதம். புதியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் "முன்னேற்றம்" வந்தே தீரும்.

இதற்கு 'சராசரிக்கு மீளல்' என்று பெயர். 1886இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டபோது கண்டது இது. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாக இருந்தாலும், சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தனர். மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் சற்றுக் கூடுதலாக வளர்ந்தனர். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேலிய விமானப் படைப் பயிற்சியாளர்களிடம் இதன் இன்னொரு முகத்தைக் கண்டார். பிழைவிட்ட மாணவனை ஏசினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான்; நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் சொதப்புகிறான்; ஆகவே ஏச்சே நல்ல மருந்து என்று அவர்கள் நம்பியிருந்தனர். உண்மையில் மிக மோசமான ஒரு நாளுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அவ்வளவு மோசமில்லாத நாள்தான். ஏசினாலும் அப்படி, ஏசாவிட்டாலும் அப்படி.

சோதிக்காமல் இதை நம்ப வேண்டியதில்லை. நெதர்லாந்தின் உயர்மட்ட லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்றுவிப்பாளர் மாற்றங்களைப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் ஆராய்ந்தார். நீக்கத்துக்குப் பின் அணிகள் தேறியது உண்மை. ஆனால் அதே அளவு சரிந்தும் பழையவரையே வைத்திருந்த அணிகளும் அதேபோலத் தேறியிருந்தன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இது சோதிக்கப்பட்டது; அங்கே ஆடப்படும் 'அமெரிக்கன் ஃபுட்போல்' பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அங்கே தலைமைப் பயிற்றுவிப்பாளரை மாற்றுவது ஏறக்குறைய வருடாந்தச் சடங்கு. அந்த அணிகளின் 1997 முதல் 2010 வரையான பருவங்களை அட்லர், பெரி, டோஹர்ட்டி ஆகியோர் ஆராய்ந்தபோது, மிக மோசமான அணிகளுக்கு மாற்றத்தால் பெரிய பலன் இல்லை என்றும், நடுத்தர அணிகள் மாற்றியபின், மாற்றாமல் இருந்த ஒத்த அணிகளைவிடக் கீழே போயின என்றும் தெரிந்தது.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2024 செப்டெம்பரில், குவைத்தைச் சேர்ந்த புதிய பயிற்றுவிப்பாளர் அப்துல்லா அல் முதைரியின் கீழ், இலங்கை அணி கம்போடியாவைத் தாண்டி ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் அடுத்த சுற்றுக்குச் சென்றது. முதல் ஆட்டம் 0-0. கம்போடியாவில் நடந்த இரண்டாவது 2-2. முடிவு பெனால்டி உதைகளில். அதே காலத்தில் வெளிநாடுகளில் வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்களும் அணிக்குள் வந்திருந்தனர். இந்த வெற்றியில் பயிற்றுவிப்பாளருக்கு எவ்வளவு, புதிய கால்களுக்கு எவ்வளவு, பெனால்டியின் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு? ஒரேயொரு முடிவை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் பயிற்றுவிப்பாளர் வீணா? இல்லை. அவரால் மாற்றக்கூடியவை பல; ஆனால் அவை புள்ளிப் பட்டியலில் உடனே தெரியாதவை.

முதலாவது, காயம். ஃபிஃபாவின் '11 பிளஸ்' என்ற 20 நிமிட உடற்சூட்டுப் பயிற்சிக்குப் பந்தைத் தவிர எந்த உபகரணமும் வேண்டாம். நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான வீராங்கனைகளிடம் சோதித்தபோது, காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன.

இரண்டாவது, வெயில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் கரையில் பின்னேர ஆட்டம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் எடுக்கும். அதன்பின் இரத்தத்தின் திரவ அளவு கூடும். வியர்வை முந்திச் சுரக்கும். அதில் போகும் உப்பும் குறையும். போட்டிக்கு முந்திய நாள் ஓடவிட்டு இதைச் சம்பாதிக்க முடியாது.

மூன்றாவது, கண். வயதுப் பிரிவு அணிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இடம்பிடிப்பதைக் கனடாவின் ஐஸ் ஹொக்கி வீரர்களிடம் 1985இல் ஆய்வாளர்கள் காட்டினர். உதைபந்தாட்டத்திலும் அதுவே தெரிகிறது. ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். நாம் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறோம். புதிதாக வருபவருக்குப் பழைய பட்டியல் தெரியாது. ஓரத்தில் நிற்கும் சின்னப் பொடியனை அவர் புதுக்கண்ணால் பார்த்தால், அதன் பலன் மூன்று வருடம் கழித்துத் தெரியும்.

ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாரும் பழைய மாணவர்களும் ஒரு கொப்பி வாங்குங்கள். கோலை மட்டும் எழுதாதீர்கள். நம் அணி கோலை நோக்கி எத்தனை முறை அடித்தது, எதிரணிக்கு எத்தனை வாய்ப்புக் கொடுத்தது, எத்தனை பேர் காயப்பட்டார்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் எத்தனை பேர் ஓடக்கூடிய நிலையில் இருந்தார்கள் என்று எழுதுங்கள். இரண்டு பருவம் முடிந்தபின் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். அதுவரை தோற்றவரை ஏசவும் வேண்டாம், வென்றவரைத் தோளில் தூக்கவும் வேண்டாம்.