முதல் புத்தகமா? வாலிபர்களே, உஷார்!

நாலு நண்பர்கள் சேர்ந்து வாசகர் வட்டம் ஆரம்பிக்கிறார்கள். "முதல்ல எதைப் படிக்கலாம்?" உடனே ஒருவர், "பொன்னியின் செல்வன்தான்!" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அங்கேதான் வினை!

அது 5 பாகம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' பத்திரிகையில் வாரா வாரம் வந்த கதை. அன்று மூன்றரை ஆண்டு காத்திருந்து படித்தார்கள். இன்று ஒரே மாதத்தில் முடி என்றால், வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? "இன்னும் முடிக்கலையே" என்ற வெட்கத்தில் அடுத்த கூட்டத்துக்கு டிமிக்கி! மூன்றாம் மாதம் வட்டத்துக்கே மூடுவிழா!

பிராட்வேயில் கடவுள்

ஒரு சிறுகதையில் தொடங்கலாமே. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இருக்கிறது. நம்ம பிராட்வே முனையில் கடவுளே வந்து நின்று, திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார்! ஒரு ராத்திரியில் முடித்துவிடலாம்.

காசும் வேண்டாம். அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. செல்போனிலேயே 'மதுரைத் திட்டம்' இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

எல்லோரும் முடித்துவிட்டு வந்தால்தான் வாக்குவாதம் சூடு பிடிக்கும். கடவுள் செய்தது சரியா, பிள்ளைவாள் செய்தது சரியா? டீ ஆறிப்போகும், வட்டம் ஆறாது!

சோழர் தேரை அப்புறம் இழுக்கலாம். மாதம் ஒரு பாகம் போதும், தம்பிகளே!