சிவப்பு எழுத்து ஏன் முதலில் வெளிறுகிறது?

கடைவரிசைகளில் உள்ள பழைய பெயர்ப்பலகைகளைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். நீலமும் கறுப்பும் பளிச்சென்று இருக்கும். சிவப்பு மட்டும் பெரும்பாலும் வெளிறிப் போயிருக்கும். தொலைபேசி எண்ணைச் சிவப்பில் போடச் சொன்ன கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான்!

சிவப்பு மை, சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டு நீல, பச்சை ஒளியை உறிஞ்சுகிறது. நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம். புற ஊதாக் கதிருக்கு அதைவிட அதிகம். இந்த ஆற்றல் நிறமி மூலக்கூறுகளின் பிணைப்புகளைச் சிறுகச் சிறுக முறிக்கிறது. பிணைப்பு முறிந்தால் நிறமும் போகும்.

அப்படியானால் எல்லா ஒளியையும் விழுங்கும் கறுப்பு எப்படித் தப்புகிறது? அது கரித்தூள், எளிதில் சிதையாது. 1935இல் விற்பனைக்கு வந்த தாமிர தாலோசயனின் என்ற நீல நிறமியும் அப்படித்தான், மூலக்கூறு மிக உறுதியானது. சிவப்பிலும் இரும்பு ஆக்சைடு கலந்த செங்காவி வெளிறாது. ஆனால், கடைக்காரர்கள் கேட்கும் பளீர்ச் சிவப்பு அதில் கிடைக்காதே!

பலகையின் மேல் ஒட்டும் புற ஊதாத் தடுப்புப் படலம் வெளிறுவதைத் தாமதப்படுத்தும். நிறுத்திவிடாது, நீல ஒளி அதன் வழியே நுழைந்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ள பலகைக்காரர், மாலை வெயில் விழும் மேற்குப் பார்த்த கடை என்றால், “சிவப்பை ஓரத்துப் பூவேலைக்கு வைத்துக்கொள்வோம், எண்ணைக் கறுப்பில் போடலாம்” என்பார்.